பாத்திரம் தேய்த்த பொடி

“படிச்சு என்னாகப் போவுது? கலெக்டராவா ஆயிறப் போறே? நாளைக்கு நீயும் அட்டைக்கடியில ஒக்காந்துதான் சோறாக்கோணும்.”

பத்தாவது பாஸாகி மிட்டாய் கொடுக்கப் போனபோது, எங்கள் ஊர்க் கோழிப்பண்ணைக்காரர் சொன்னது இது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேதான் சொன்னார்!

கலெக்டர் ஆகவில்லை. சிவில் டிப்ளமோ முடித்தேன். சேலத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டரின் ஆபீசில் வேலை. தனி ரூம், கான்கிரீட் கூரை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இது அலுக்காது... உங்களுக்கு அலுத்திருக்கலாம்.

அப்பா கூரை போடுகிறவர். திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் கோழிப்பண்ணையோ தறிப்பட்டறையோ, கூரை என்றால் அப்பாவுக்குத்தான் போன் வரும். ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. சிமெண்ட் அட்டை. சுருக்கமாக, அட்டை.

கொஞ்ச நாள் முன்பு இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தடையைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? பல நாடுகள் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம். ‘ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமெண்டுக்குள் கெட்டியாக இருக்கிறது, அறுக்காமல் உடைக்காமல் இருந்தால் ஆபத்தில்லை’ என்கிறது ஒரு தரப்பு. அறுக்காமல் உடைக்காமல் யார் கூரை போடுகிறார்கள்? தடைதான் வழி என்று எழுதி முடித்துவிட்டு, திருப்தியாக ஒரு டீ குடித்தேன்.

அதைப் பண்ணைக்காரர் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அன்று சாயந்திரமே போன்.

“ஏஞ்சாமி, அட்டைய ஒழிக்கோணும்னு எழுதியிருக்கியாமா?”

“ஆமாங்கப்பா. அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆவாதுங்க. வருசக்கணக்கா உள்ளேயே கெடந்துட்டு, அப்பறமா வேலையக் காட்டுமுங்க.”

“அட்டைய நிறுத்திப்போட்டா நான் என்ன பண்றது?”

பதில் யோசிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அப்பா எடுப்பதில்லை. எடுத்தாலும் “இந்தா, உம்புள்ள” என்று அம்மாவிடம் நீட்டிவிடுகிறார். சேலத்து ரூமில் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் என்னோடு பேசுவது ஃபேன் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கிளம்பி ஊருக்குப் போனேன்.

தெருமுனையிலேயே கட்டிங் மிஷின் சத்தம். வாசலில் அப்பா அட்டை அறுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் புகை மாதிரி பொடி. புருவம், மீசை எல்லாம் வெள்ளை. துண்டு தலையில் இருந்தது, மூக்கில் இல்லை. என்னைப் பார்த்தார். மிஷினை நிறுத்தவில்லை.

அறுத்து முடித்ததும் அம்மா துடைப்பத்தோடு வந்தார். பொடியைக் கூட்டி அள்ளினார். கொட்டுவார் என்று பார்த்தால், பழைய சேலைத் துணியில் சலித்து ஒரு டப்பாவில் போட்டு மூடினார்!

“இது எதுக்கும்மா?”

“தெரியாதவளாட்ட கேக்கறே! புளியத் தொட்டு இதுல ரெண்டு இழுப்பு இழுத்தா பித்தளை என்னமா மின்னும்? நீதானே தேச்சுட்டு இருந்தே. அங்க ரூம்புல என்னத்தப் போட்டுத் தேக்கறே?”

“லிக்விட்மா.”

“அதான் உன் டம்ளர்ல தண்ணி குடிச்சா எலுமிச்சம்பழ வாசம் அடிக்குது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பொடிக் குவியல் முன்னால் குந்தி உட்கார்ந்து குண்டா, சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் தேய்த்தது நானேதான். பளபளப்பு போதவில்லை என்றால் காய்ந்த பொடியை ஊதி ஊதித் தேய்ப்பேன். உலக நாடுகளின் சட்டமெல்லாம் தேடித் தேடிப் படித்தவளுக்கு, இந்த டப்பா ஏன் நினைவுக்கே வரவில்லை?

டப்பாவை வாங்கி, பொடி பறக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி நனைத்தேன். ஒரு கவரில் போட்டு இறுக்கிக் கட்டினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. கோபமே தேவலை.

சாப்பிட உட்கார்ந்தோம். நடுவில் அம்மா.

“தகரம் போடலாமில்லீங்கப்பா?” என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “தகரம் போட்டா சித்திரை வெயிலுக்குக் கோழி முட்டை வெக்காது, வெந்துதான் போகும்னு சொல்லு.”

“வெந்து போகுமாம்” என்றார் அம்மா, பக்கத்திலேயே இருக்கும் என்னிடம்.

“மூக்குக்காச்சும் துணி கட்டச் சொல்லும்மா.”

“கட்டுனா வெத்தலை துப்ப முடியாதாம்.”

நான் சிரித்துவிட்டேன். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால், அது பாதியில் இருமலாக மாறியது. எழுந்து வெளியே போனார். வேலிப்பக்கம் நின்று இருமினார். நிற்கவே இல்லை. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

திரும்பி வந்தவரிடம், “ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாங்கப்பா” என்றேன்.

“எனக்கு ஒண்ணுமில்லேன்னு சொல்லு.”

பஸ்ஸில் திரும்பும்போது சங்ககிரி வரை இதையேதான் யோசித்தேன். தடை வேண்டும் என்று எழுதுகிற என் தலைக்கு மேல் கான்கிரீட். தடை வந்துவிடுமோ என்று பயப்படுகிற அப்பாவின் தலைக்கு மேல் அட்டை. ஊரில் நான் அப்பன் பிழைப்பைக் கெடுக்க வந்தவள். ஆபீசிலோ அட்டைக்காரர் பொண்ணு. படித்தால் நாலு பேரோடு சேரலாம் என்றார்கள். எந்த நாலு பேர் என்று யாரும் சொல்லவில்லை.

தடை வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால், போன முறை ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். தடையோடு, அட்டை போட்டவர்களுக்கு வேறு வேலையும் வேண்டும். இத்தனை வருடம் பொடியைச் சுவாசித்தவர்களுக்கு வைத்தியமும் வேண்டும். முதல் இரண்டும் என் கையில் இல்லை. மூன்றாவது?

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானும் அந்தப் பொடியில் வளர்ந்தவள்தானே!

“கூட யாரும் வரலீங்களா?” என்றார் நர்ஸ்.

“இல்லீங்க. நான் மட்டும்தான்.”

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், என் வீட்டுக் கதையையும் கேட்டார். “உங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணும் தெரியலைம்மா. முதல்ல உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கணும். அந்த இருமலை நான் பாக்கணும்” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சுலபமாகத்தான் சொன்னேன்.

அப்பா வருவாரா, என்னோடு பேசுவாரா, தெரியாது. பேசாமலே வந்தாலும் பரவாயில்லை.

சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும் — டிரைவருக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது.