அட்டையிலேயே முடிந்துபோன கதை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ஐம்பதுகளில் செங்கல்பட்டில் என் வேகத்துக்கு அச்சுக் கோக்க வேறு ஆள் கிடையாது. பிற்பாடு சொந்தமாக மூன்று அச்சகம் வைத்தேன் என்றால் சும்மாவா? அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு தொடர்கதையை நானே எழுதி நானே அச்சுக் கோத்தேன். நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. பதினாறு வயதான பிள்ளைகளைக் கடல் நடுவே கோட்டையில் அடைக்கிற ஒரு ராஜ்யம். அங்கிருந்து தப்பப் பார்க்கும் ஒருவன். மாதம் ஒரு பாகம், மொத்தம் ஆறு.

கலர் அட்டையைச் சென்னையில்தான் அடிக்க வேண்டும். ஆறுக்கும் ஒரே படம், பாக எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார் முதலாளி. இருப்பதிலேயே பிரமாதமான காட்சியைக் கொடுத்தேன்: மாமல்லபுரம் கரையில் ஈரம் சொட்ட நாயகன், அவன் காலடியில் சங்கிலியால் பூட்டப்பட்ட அந்த ராஜ்யத்துச் சர்வாதிகாரி.

முதல் பாகம் பறந்தது. இரண்டாவதில் பாதி திரும்பி வந்தது. மூன்றாவதும் திரும்பினால் கதையை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மூன்றாம் பாகம் வெளியான மறுவாரம் ரயிலடிப் புத்தகக் கடைக்கு ஓடினேன். கட்டு பிரிக்காமல் கிடந்தது.

"இன்னா அண்ணாத்த, ஒண்ணுகூடப் போவலியா?"

"எப்டிப் போவும்? அவன் தப்பிச்சு கரைக்கு வந்துட்டான்னு நீயே அட்டையில போட்டுகீறே. அப்பால உள்ள இன்னாத்துக்குப் படிக்கணும்?" என்றார் கடைக்காரர்.

அங்கேயே உட்கார்ந்து அத்தனை அட்டையையும் கிழித்தேன்.

"தோலுரிச்ச கோழியாட்டம் கீது" என்றார்.

"உள்ள சரக்கு கீது. படிச்சுப் பாரு அண்ணாத்த" என்று கெஞ்சினேன்.

இரண்டு ரயிலுக்கு நடுவில் படித்து முடித்தார்.

"மொத பாகத்துல காவக்காரன் தூங்கிட்டான், இவன் பூட்டைத் தொறந்தான். ரெண்டுலயும் தூங்கினான். இதுலயும் தூங்கறான். தூங்கறதுக்குத்தான் சம்பளமா? இவன் மாட்டிக்குவானோன்னு ஒரு தபாகூட எனக்கு பேஜாரா இல்லியே, நைனா."

"அடுத்த பாகத்துல முழிச்சுக்குவான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அச்சகத்துக்கு ஓடினேன். நாலாம் பாகம் ஈய எழுத்தில் கோத்துத் தயாராக இருந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்து, காவல்காரனை விழிக்க வைத்தேன். அவன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். நாயகன் எப்படி வெளியே வருவான்? எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் எல்லாக் கடையிலிருந்தும் கட்டுகள் திரும்பி வந்தன. ரயிலடியில் அட்டையில்லாததைப் பழைய புத்தகம் என்று நினைத்து ஜனங்கள் தொடவேயில்லையாம்.

"நாலாம் பாகத்தைக் கலைச்சுடு. கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து பத்தல" என்றார் முதலாளி.

ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன். காவல்காரன் விழித்த பக்கத்தை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன், அதற்குள் ஏதாவது வழி தோன்றாதா என்று. சாயங்காலம் அதையும் கலைத்தேன்.