கண்ணாடிப் பெட்டியில் இருபத்தாறு வயசு

பக்கத்துக்கடை ஸ்டூடியோக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரைக் கேட்டால் சொல்லமாட்டார். பூட்டு ரிப்பேர் செய்கிற நான் சொல்கிறேன். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய இருபத்தாறு வயதுப் படம் ஒன்று இருந்தது. பேய்க்கதைகளில் பாழடைந்த மாளிகைச் சுவரில் தொங்கும் படம் ஆளைப் பிடித்து ஆட்டிவைக்குமாம். இதுவும் ஆட்டிவைத்தது. தினமும் ஷட்டரைத் தூக்கியதும் அதன் முன்னால் நின்றுதான் தலை சீவுவார். அந்த முகத்துக்கு ஈடுகொடுக்க வாரம் தவறாமல் மீசைக்கு மை அடிப்பார்.

ஊரார் முகச் சுருக்கத்தை அழிப்பதில் ஸ்டூடியோவுக்குப் பெயர் உண்டு. உண்மையில் அழித்தது அவர் மனைவி. பிலிம் காலத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் முகங்களைச் சரிசெய்வார். கண்ணாடிப் பெட்டிப் படமும் அந்த அம்மாவின் கைவண்ணம்தான்.

ஒருநாள் போட்டோ எடுக்க வந்த பெண்மணி, படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறீர்களே என்று சொல்லிவிட்டாள். மனுஷர் கால் தரையில் பாவவில்லை. கடைக்குள்ளே உட்கார்ந்திருக்கிற அம்மா யார் என்று அவள் கேட்டதும், மனைவியின் நரைத்த தலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க அக்கா" என்றார்.

மனைவி சண்டை போடவில்லை. மதியம் ஒரு மணிக்குக் கேரியரைத் திறந்துவைத்து, "தம்பி, சாப்பிட வா" என்றார்.

முதல் நாள் இவரும் சிரித்தார். ஒரு வாரத்தில் சிரிப்பு வற்றியது. அப்பா எப்படி இருக்கிறார் என்று மகள் போனில் கேட்டால், "உன் மாமனா? நல்லா இருக்கான்" என்று பதில் போனது. சமாதானத்துக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். தம்பி வாங்கித் தந்தது என்று தெரு முழுக்கக் காட்டினார் மனைவி. முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்ட 'ஏங்க' நின்றுபோனதில் ஆள் ஆடிப்போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மனைவியின் அடையாள அட்டைக்குப் படம் தேவைப்பட்டது. அவரே எடுத்தார். பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கண்ணோரக் கோடுகளை அழிக்கப் போனவருக்குக் கை ஓடவில்லையாம். நேரே என்னிடம் வந்தார்.

"கண்ணை இடுக்கி இடுக்கி விழுந்த கோடுய்யா. என் மூஞ்சியைச் சரிபண்ணி விழுந்தது" என்று மூக்கை உறிஞ்சினார். பெட்டிப் பூட்டு துருவேறித் திறக்கவில்லை. நான்தான் உடைத்துக் கொடுத்தேன். பழைய படம் இறங்கியது. மை அடிக்காத மீசையோடு அவரும், ஒரு கோடும் அழிக்காத மனைவியும் ஒரே சட்டத்தில் ஏறினார்கள்.

பிரதி கேட்டு அதே பெண்மணி மறுபடி வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, இது உங்கள் அக்காதானே என்றாள்.

"என் சம்சாரங்க" என்றார், என் கடைக்கும் கேட்கும்படியாக. "என்னைவிட ஆறு வயசு சின்னவ."

திரைக்குப் பின்னால் படம் வெட்டும் கத்தரிச் சத்தம் நின்றது.

"ஏங்க" என்று குரல் வந்தது. "சாப்பாடு ஆறுது."

வந்தவளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். அப்போது மணி பத்தரைதான்.