பதினெட்டாவது வளைவில் நின்ற பாட்டு

மாணிக்கம் பெரியப்பா இறந்த செய்தி காலையின் முதல் பஸ்ஸில் மலைமேல் எங்கள் ஊருக்கு வந்தது. நான் வேலை செய்யும் காப்பித்தூள் கடைக்குள் கண்டக்டர் நுழைந்து, "டிரைவரண்ணன் போயிட்டாருங்க. சேலத்துல, மக ஊட்டுல. தூக்கத்துலயே" என்றார். நான் அரவை மிஷினை நிறுத்தினேன். பிறகு அவர், "அரைக் கிலோ குடு கண்ணு. சிக்கரி கம்மியா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. பெரியப்பா இருந்திருந்தால், "வண்டிய எடு, பின்னால ஆளு நிக்குது" என்றுதான் சொல்லியிருப்பார்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்றேன். பள்ளியில் "உள்ளேன் அம்மா" என்று சத்தமாகச் சொல்ல முடியாமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் ஆனவள் நான். ஒன்பதாவதோடு நின்றும் விட்டேன். இதைக் கேட்கும் உங்களில் பலர் பெரியப்பா ஓட்டிய சேலம் பஸ்ஸில் வந்தவர்கள். சிலர் அதில் வாந்தி எடுத்தவர்கள். உங்களுக்கு அவர் டிரைவர். எனக்கு அவர் எங்கள் பேண்டின் டிரம்மர். அவருக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

அவரும், பாட்டுக்காரர் பீட்டர் அங்கிளும், கிட்டார் ஜெயசீலன் அங்கிளும் இளவயதில் தொடங்கிய ராக் பேண்டுக்கு 'இருபதாம் வளைவு' என்று பெயர். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். பெரியப்பா தாளத்தை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார். மனதுக்குள் அடிவாரத்தில் பஸ்ஸை எடுப்பார். பாட்டு முடியும்போது ஏரிக்கரையில் நிறுத்துவார். பல வருடம் கழித்து எங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்யச் சேலத்திலிருந்து லேப்டாப்போடு வந்த அக்கா முதல் நாளே கேட்டார்.

"சார், டெம்போ ஏன் இந்த இடத்துல குறையுது?"

"ஒம்போதாவது வளைவுங்க. இங்க ரெண்டாவது கியர்தான்."

"சார், இது ரெக்கார்டிங்."

"அதுக்குன்னு பள்ளத்துல உடச் சொல்றீங்களா?"

அந்த அக்கா மறுநாளிலிருந்து ஒன்பதாவது வளைவை அவரே எதிர்பார்க்க ஆரம்பித்தார்.

பேண்டில் பெரியப்பா வைத்த சட்டமும் மலைப்பாதைச் சட்டம்தான்: "ஏறுற வண்டிக்கு வழி உடோணும்." யாருடைய சுரம் மேலே ஏறுகிறதோ அவருக்கு வழி. மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பாட்டு ஏறினால் கிட்டார் ஒதுங்கும். கிட்டார் ஏறினால் பாட்டு ஒதுங்கும். இப்படியே அவர்கள் பல வருடம் மோதாமல் ஓட்டினார்கள். பிறகு ஒரு லாட்ஜ் விழாவில் 'கடைசி பஸ்' என்ற பாட்டின் கடைசிப் பகுதியில் பீட்டர் அங்கிளின் குரலும் ஜெயசீலன் அங்கிளின் கிட்டாரும் ஒரே நேரத்தில் ஏறின. இருவரும் நிறுத்தவில்லை. பெரியப்பா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார். அந்தப் பாட்டு முடியவே இல்லை. பேண்டு முடிந்துவிட்டது.

அதன்பின் இருபத்தேழு வருடம் பீட்டர் அங்கிளும் ஜெயசீலன் அங்கிளும் பேசிக்கொள்ளவில்லை. பஜாரில் ஒரே பேக்கரியில் ரொட்டி வாங்குவார்கள். ஒருவர் வாங்கி முடிக்கும்வரை மற்றவர் வெளியே நின்று வானத்தைப் பார்ப்பார். பெரியப்பாவுக்கு மட்டும் ஒரே கவலை. "பாட்டு பதினெட்டாவது வளைவுல நிக்குதுங்க. இன்னும் ரெண்டு வளைவுதான். உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்க. யாரு எறக்கி உடறது?" என்று எங்கள் காப்பித்தூள் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் பீட்டர் அங்கிளின் வீட்டுக்குப் போய், "ஜெயசீலன் மன்னிப்புக் கேட்டானுங்க" என்றார். அப்படியே ஜெயசீலன் அங்கிளின் வீட்டுக்குப் போய், "பீட்டர் மன்னிப்புக் கேட்டான்" என்றார். இரண்டு பேரும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்கள். எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் காப்பி குடோனில், மூட்டைகளைச் சுற்றிலும் சுவராக அடுக்கி, ஆல்பம் வேலை தொடங்கியது. டிசம்பரில் புதுக் காப்பி வந்து குடோன் நிறைந்துவிடும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி.

பீட்டர் அங்கிளுக்கு மேல் சுரம் இப்போது எட்டவில்லை. அவர் நடத்தும் சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்கும் என்னை இரண்டாவது குரலுக்கு அழைத்தார். யாராவது பார்த்தால் எனக்குப் பாட வராது. மூட்டைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் பாடினேன். "நம்ம ஜெனி கடைசி சீட்டுல ஜன்னலோரம் உக்காந்து பாடுது. யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று பெரியப்பா எல்லோரையும் அடக்கிவைத்தார்.

எட்டுப் பாட்டு முடிந்தது. 'கடைசி பஸ்' மட்டும் மிச்சம். குடோனுக்கு அதுதான் கடைசி நாள். வெளியே லாரியில் புது மூட்டைகள் வந்து நின்றுவிட்டன. சரியாகப் பழைய இடத்தில் குரலும் கிட்டாரும் சேர்ந்து ஏறின. இருவரும் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீதானப்பா மன்னிப்புக் கேட்ட? நீயே ஒதுங்கு" என்றார் பீட்டர் அங்கிள்.

"நான் எப்பக் கேட்டேன்? கேட்டது நீ!"

"நானா? ஏசப்பா மேல சத்தியமா நான் கேக்கல!"

இரண்டு தலைகளும் டிரம்ஸ் பக்கம் திரும்பின. பெரியப்பா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கேக்கோணும்னு உங்க ரெண்டு பேருக்கும் மனசுல இருந்துச்சு. வெக்கமா இருந்திருக்கும். அதான் உங்களுக்குப் பதிலா நானே கேட்டுக்கிட்டேன்."

ஜெயசீலன் அங்கிள் கிட்டாரைக் கழற்றினார். பீட்டர் அங்கிள் செருப்பைத் தேடினார். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். பெரியப்பா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கண்ணு, வளைவுல ரெண்டு வண்டி மூஞ்சிக்கு மூஞ்சி நின்னா என்ன பண்ணுவாங்க?"

"யாராவது எறங்கி நிப்பாங்க பெரியப்பா."

"ஆமா. டிரைவருங்க ஒருத்தன் சொல்றத ஒருத்தன் கேக்க மாட்டான். ரோட்டுல நிக்கிற ஆளு சொன்னாக் கேப்பான். எறங்கி நில்லு சாமி. நொம்ப நேரமா நிக்குது."

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் அடிவாரத்திலிருந்து எடுத்துவிட்டார். பஸ் கிளம்பினால் ஏறாமல் இருக்க அவர்கள் இருவருக்கும் தெரியாது. கிட்டார் தோளுக்கு வந்தது; செருப்பு ஒன்று காலிலும் ஒன்று தரையிலுமாகப் பீட்டர் அங்கிள் மைக்குக்கு வந்தார். ஒன்பதாவது வளைவு போயிற்று. பதினேழு போயிற்று. குரல் ஏற ஆரம்பித்தது, கிட்டாரும் ஏற ஆரம்பித்தது. நான் மூட்டைச் சுவரிலிருந்து திரும்பினேன். நிமிர்ந்து பார்க்கவே பயப்படும் பீட்டர் அங்கிளின் முகத்துக்கு நேராக உள்ளங்கையைக் காட்டி, "நில்லுங்க அங்கிள்!" என்று கத்தினேன்.

அவர் வாய் திறந்தபடியே நின்றார். கிட்டார் தனியாக ஏறிப் போனது. அது வளைவைத் தாண்டியதும் கையை இறக்கினேன், அவர் ஏறினார். மேல் சுரத்துக்கு நான் சேர்ந்துகொண்டேன், அவர்களைப் பார்த்தபடியே. கடைசியில் பெரியப்பா டிரம்மின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எல்லாரும் எறங்கிக்கலாமுங்க" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டைத் தூசி என்றார்.

என் கத்தல் ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதுதான் பாட்டிலேயே நல்ல இடம் என்று ரெக்கார்டிங் அக்கா மறுத்துவிட்டார். இப்போது நான் பஜாரில் நடந்தால் ஜீப் டிரைவர்கள் "நில்லுங்க அங்கிள்!" என்கிறார்கள்.

செய்தி வந்த அன்றே சேலத்திலிருந்து பெரியப்பாவை அமரர் ஊர்தியில் மேலே கொண்டுவந்தோம். முன்னால் எங்கள் ஜீப். இறங்கி வந்த பஸ்களும் லாரிகளும் ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி நின்று வழிவிட்டன. ஒரே ஒரு வெளியூர்க் கார் மட்டும் எங்களுக்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நின்று ஹாரன் அடித்தது. பீட்டர் அங்கிள் இடதுபுறம் ஒடிக்கச் சொன்னார். ஜெயசீலன் அங்கிள் வலதுபுறம் என்றார். பிறகு காரை விட்டுவிட்டு அவர்கள் இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

நான் இறங்கினேன். காருக்கு நேராக உள்ளங்கையைக் காட்டி, "நில்லுங்க! ஏறுற வண்டி வருதுங்க!" என்றேன். கார் நின்றது. பிறகு, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லி அதைப் பின்னால் எடுக்க வைத்தேன். வழி திறந்தது. எந்த வளைவு என்று அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். பதினெட்டாக இருக்கும் என்று நினைப்பீர்கள். பதினொன்று.

அவருடைய டிரம் குச்சிகளில் ஒன்று பீட்டர் அங்கிளிடமும் ஒன்று ஜெயசீலன் அங்கிளிடமும் இருக்கின்றன. ஒற்றைக் குச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் தினமும் சந்தித்துப் பேசுகிறார்கள். அவர் என்னை நீட்டவைத்த கை என்னிடம் இருக்கிறது. அன்று வழி திறந்ததும் அந்தக் கையால்தான், கண்டக்டர் மாதிரி, ஊர்தியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"போலாம் பெரியப்பா. ரைட்."