சணல் கட்டிய கால்விரல்

எண்ணூர் துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிகள் அசையாமல் நின்ற ஒரு மதியம். ஒரு டிரைவரிடம் சரக்குக்கான காகிதங்களைக் கொடுக்கப் போன நான், வெயில் தாங்காமல் லாரியில் அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தேன். புருவத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து நரைத்தவர்போல் இருந்தார்.

முன்னால் நின்ற லாரியின் பின்புறத்தில் மெல்லிய சணல் கயிறு ஒன்றைக் கட்டி, ஜன்னல் வழியே உள்ளே இழுத்து, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார்.

“அவன் நவுந்தா என்னை எழுப்பும் சார்” என்றவர், அடுத்த நிமிடமே குறட்டை விட்டார்.

முன் லாரி நகர்ந்தது. சணல் விரலை இழுத்து அறுந்தது. அவர் எழவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. பக்கத்து வரிசை டிரெய்லர் ஒன்று எங்களுக்கு முன்னால் விழுந்த இடைவெளியில் மூக்கை நுழைத்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கும் முன்பே அவர் கால் கிளட்சை மிதித்தது. நூலிழையில் இடத்தைப் பிடித்தார்.

“வுட்டிருந்தா மறுபடி கடைசிலேந்து வரணும்.”

“நல்லா தூங்கிட்டுதான் வண்டி எடுக்கக் கூடாதா?”

“அத்த நானா முடிவு பண்றேன்? ஹார்பர் கேட்ட மூடினா தூக்கம், தொறந்தா டூட்டி. உள்ள எறக்கினதும் ரிட்டன் லோடு ஏத்தணும். காலைல ஓசூர்ல நிக்கணும்.”

“வழியில தூக்கம் வந்தா?”

அவர் அறுந்த சணலில் புது முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் நெடுஞ்சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வந்தால், ஹாரன் அடிக்கும்வரை நான் காத்திருப்பதில்லை; ஒதுங்கி வழி விட்டுவிடுகிறேன்.