ரேஸ் காரின் பின்பாதி

எழுபத்தெட்டா எழுபத்தொன்பதா என்று சரியாகச் சொல்ல வரவில்லை. ஆரணியில் நல்ல மழை பெய்து, தறிப்பள்ளத்தில் தண்ணீர் ஊறி, நெசவுக்காரர்கள் நாங்கள் சில நாள் சும்மா உட்கார்ந்திருந்த வருஷம். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கார் வரையச் சொன்னார்.

கார் என்றால் பலகையில். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் கார் மாதிரி வெட்டிய பிளைவுட் ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், காருக்குள் இருப்பது போல் போட்டோவில் விழும். மற்ற ஊர்களில் குண்டாக ஒரு டாக்சி இருக்கும். இவருக்கு அது போதவில்லை.

"மேல மூடி இல்லாத ரேஸ் காரு. தாழ்வா, நீட்டா இருக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை திருவிழாவுல கடை போடறேன். உன்னால ஆவலன்னா இப்பவே சொல்லிடு, வேலூர் பெயிண்டராண்ட குடுத்துடறேன்."

"ஆவுங்க" என்றேன். அதுவரை நான் ரேஸ் காரைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன் என்றாலும் சேலைக்கு டிசைன் போடுவேன். சதுரக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும், ஒரு கட்டத்துக்கு ஒரு இழை. ஏழெட்டு வருஷமாக அன்னம், மயில், மாங்காய். எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், எதுவும் எங்கேயும் போகாது. போகிற பொருள் ஒன்றை என் கையால் வரைய முடியுமா என்று பார்க்க ஆசை.

டயர் கடையில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அதில் சிவப்பாக ஒரு ரேஸ் கார், பக்கவாட்டில். ஆனால் தினம் கிழிக்கிற தேதித்தாள் கட்டை அதன் பின்பாதி மேலேயே ஒட்டி ஆணி அடித்திருந்தார்கள். மூக்கு, முன்சக்கரம், கண்ணாடி, பாதி ஸ்டியரிங். அதற்கப்புறம் ஏகாதசி, ராகுகாலம்.

நான் யோசிக்கவே இல்லை. சேலைக்கு நாங்கள் பாதி டிசைன்தான் போடுவோம். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் முன்பாதியை வரைந்து, தாளை நடுவில் மடித்து, மறுபாதியிலும் அதையே இழுத்துவிட்டேன். டயர் கடையில் குந்தியிருந்த லாரி டிரைவர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா, இது வருதா போவுதா?"

"போவுது அண்ணே."

"எங்க போவுது? ரெண்டு பக்கமும் மூக்கு கீது. புருசன் ஒரு ஸ்டியரிங், பொண்டாட்டி ஒரு ஸ்டியரிங்கா? எங்க வூட்டுக்கு ஒண்ணு வரைஞ்சு குடு."

டயர் கடைக்காரர் பீடிப் புகை புரையேறும்வரை சிரித்தார். அந்தத் தேதிக் கட்டைக் கொஞ்சம் கழற்றிக் காட்டச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

"வராத நாள இப்பவே பிய்க்கறதா? நல்லதுக்கா இது? கட்டு விழுந்ததுதான் வேணும்னா தேவிகாபுரம் போ. அங்க சைக்கிள் கடைக்காரனுக்கும் இதே காலண்டர்தான் குடுத்தேன். பொங்கலுக்கே கட்டு விழுந்துட்ச்சாம், பேஜார் பண்ணிகினு கீறான்."

மறுநாள் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே கேள்வி: பின்பக்கம் எப்படி இருக்கும்? பெட்டி மாதிரியா? வாத்து வால் மாதிரியா? அங்கே விளக்கு இருக்குமா? சைக்கிள் கடையைக் கண்டுபிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். காலண்டர் இருந்தது, கட்டு இல்லை.

பின்பாதியும் இல்லை. கார் பாதியோடு நின்று, அதற்கப்புறம் வெறும் வெள்ளை அட்டை. எப்படியும் கட்டு மறைக்கத்தானே போகிறது என்று அச்சடித்தவன் விட்டுவிட்டான். நடுவில் காய்ந்த பசை மட்டும்.

"இன்னா தேடற?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"இதோட பின்பக்கம்."

"அது எனக்கும் வரலப்பா" என்று சொல்லிவிட்டு பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம், படிக்கட்டில்தான் இடம். காற்று என் சட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. முன்னால் முட்டுகிற காற்று பின்னால் வழிந்து போகிறது. அப்படியானால் காரும் பின்னால் வழியத்தான் வேண்டும் என்று தோன்றியது. சரியோ தப்போ, எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

வீட்டில் பிளைவுட்டைத் தரையில் போட்டு, அடுப்புக்கரியால் முன்பாதியை முடித்தேன். பின்பாதிக்குக் கட்டம் இல்லை. கட்டத்தில் வளைவு என்பது படிப்படியாக இறங்கும். தறியில் அது போதும், பலகையில் பல்வரிசை மாதிரித் தெரிகிறது. நாலைந்து தடவை இழுத்தேன், அழித்தேன். என் மனைவி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "இன்னும் வாலு முளைக்கலயா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கடைசியில் முழங்காலில் நின்று, மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கோடு இறங்கி நுனியில் லேசாகத் தூக்கி நின்றது. அதைத் தொடவே இல்லை.

கோட்டின்படி அறுத்து, சிவப்பு பெயிண்ட் அடித்துக் கொண்டுபோனேன். வியாழக்கிழமை ஸ்டூடியோக்காரர் தள்ளி நின்று பார்த்தார். "பின்னாடி எங்க பாத்து வரைஞ்ச?"

"எங்கயும் பாக்கலீங்க."

கிட்டே வந்து வால் நுனியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, போவற மாதிரிதான் கீது" என்று சொல்லி ஆளை விட்டுத் தூக்கச் சொன்னார்.

திருவிழாக் கடைக்கு நானும் பெயிண்ட் டப்பாக்களோடு போயிருந்தேன். முதலில் வந்தது கலசப்பாக்கத்துப் புது ஜோடி. மாப்பிள்ளை பலகைக்குப் பின்னால் போய் ஜம்மென்று குந்திக்கொண்டார். பெண் மட்டும் நின்றபடியே காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எப்படி ஏர்றது? கதவே இல்லியே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலண்டர்க் கார் கதவுக்கு முன்னாலேயே முடிந்திருந்தது, எனக்கும் அது தோன்றவில்லை.

"போட்டோவுல யாருமா கதவ பாக்கப் போறாங்க, ஜல்தி குந்து" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"நான் பாப்பேனே" என்றாள்.

கறுப்பு பெயிண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை அசையாமல் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்க, அவர் முழங்கைக்குக் கீழே கதவை வரைந்தேன். கைப்பிடிக்கு ஒரு சின்ன வளைவு. அந்தப் பெண் குனிந்து பார்த்து, "ஈரம் காயட்டும்" என்றாள். காய்ந்த பிறகுதான் போய் உட்கார்ந்தாள்.