கசிந்தது எங்கள் ரோபோ

நான்கு வருடங்களுக்கு முன், மும்பை செம்பூரில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, தண்ணீருக்கடியில் நீந்தும் ரோபோ ஒன்றைச் செய்தோம். பிளாஸ்டிக் குழாய்தான் உடம்பு. டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிக்குள் அதன் மூளையான மின்பலகை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் கதை முடிந்தது. குழுத் தலைவி நான், வாய்க்கும் குறைவில்லை.

கல்லூரி நீச்சல் குளத்தில் சோதனை வைத்திருந்தார்கள். அதில் தேறினால்தான் போட்டிக்கு அனுப்புவார்கள். முந்தின நாள் மாலை, கடைசியாக ஒரு முறை, மின்பலகைக்குப் பதில் காகிதம் வைத்துப் பெட்டியைத் தண்ணீர் டிரம்மில் அமுக்கினோம். ஒரு வாரமாக நனையாத காகிதம் அன்று நனைந்தது. கண்ணாடி மூடி வழியே தெளிவாகத் தெரிந்தது.

மூடியைத் திருகுவது எங்கள் குழுவின் மராட்டிப் பையன் வேலை. "ஒரு ஸ்க்ரூ டைட் பண்ணத் தெரியாதா? நாளைக்கு நீ வரவே வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் ஹிந்தியில் கத்திவிட்டேன். அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இன்னும் இறுக்கிப் பார்த்தான். கசிவு நிற்கவில்லை. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு, கல்லூரி கேட்டுக்கு வெளியே இருந்த பங்ச்சர் கடைக்கு நடந்தான். நாங்களும் பின்னால் ஓடினோம்.

கடைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கம். "தண்ணி எங்கன உள்ள போவுதுன்னு ஏன் தேடுதிய? காத்த அடிங்க. அது வெளிய வார எடத்தக் காட்டிரும்லா" என்றார். பெட்டியில் வயருக்காக விட்டு அடைத்திருந்த சின்னத் துளையைத் திறந்து பம்பைச் செருகி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். ஒரே ஒரு மூலையிலிருந்து குமிழ் வந்தது.

திறந்தோம். அந்த மூலையில், தண்ணீர் புகாமல் மூடியை ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் வளையத்தின் மேல் வெள்ளையாகத் திருநீறு அப்பியிருந்தது.

மதியம் மற்றவர்கள் வடாபாவ் சாப்பிடப் போயிருந்தபோது, மாட்டுங்கா கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றைத் திறந்திருந்த பெட்டிக்குள் பூசி, விளிம்பில் சிந்தியவள் நான்தான். வெளியே பூசினால் கேலி செய்வார்களே என்ற பயம். ஒப்புக்கொண்டேன். அவன் கைக்குட்டையால் வளையத்தைத் துடைத்துவிட்டு, "பகவான் கோ பாஹர் பிட்டா, அந்தர் ஜகா நஹி" என்று சிரித்தான். உள்ளே இடமில்லையாம், சாமியை வெளியே உட்கார வைக்க வேண்டுமாம்.

மறுநாள் ரோபோ குளத்தில் மீன் மாதிரி நீந்தியது. முந்தின நாள் கசிந்ததைக் கேள்விப்பட்டிருந்த பேராசிரியர், ஏன் என்று கேட்டார். "ஸ்க்ரூ கொஞ்சம் லூஸ், சார்" என்றான் அவன், சாதாரணமாக. எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல சார், தப்பு என்னோடது" என்று திருநீற்றுக் கதையைச் சொன்னேன். குளத்தங்கரையே சிரித்தது. அவனைத் திட்டியது தப்பு என்றும் அங்கேயே சொன்னேன்.

பங்ச்சர் கடையிலேயே மன்னித்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நான் அதை எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் அவன் தலை நிமிர்ந்தது. நாலு பேர் முன்னால் திட்டியதற்கு நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அன்றிலிருந்து நான் மீறாத பழக்கம்.