மீன் பெட்டிக்குள் அடை

பஞ்சம்மாள் கோழி வளர்க்கிறாள் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். கோழிகளுக்கு அவள் மாமியார் என்பதுதான் சரி. இராமநாதபுரத்துக்கு மேற்கே, நெல்லும் மிளகாயும் மழையை நம்பி விளைகிற கிராமம் அவளுடையது. களையெடுக்கப் போகுமுன் காலையில் கூட்டைத் திறப்பாள். வெளியே வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு தயாராக இருக்கும். அடுத்த வீட்டு வைக்கோல்படப்பில் முட்டையிடுகிறவளுக்கு ஒன்று, தீனிக்கு மட்டும் முந்துகிறவளுக்கு ஒன்று. குஞ்சைக் காக்கைக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவளுக்கு மட்டும் வசவுகூடக் கிடையாது. அவள் முட்டையைப் பஞ்சம்மாள் ஒருநாளும் அடைக்கு வைக்கமாட்டாள், எல்லாம் குழம்புக்குத்தான். வாழவந்த நாளிலிருந்து இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி வைத்ததில், பருந்தின் நிழல் தரையில் விழுவதற்குள் குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இழுத்துக்கொள்கிற ஒரு வம்சம் அவள் வீட்டில் உருவாகியிருந்தது.

ஐப்பசியில் பரமக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கூட்டுக் கதவு பெயர்ந்து கிடந்தது. தெருநாய்கள். முற்றம் முழுக்க இறகு. சேவல்கூட மிஞ்சவில்லை. அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்த முட்டைகள்தான் மிச்சம். அடைக்கோழி இரவல் கேட்டு வீடு வீடாக நடந்தாள். அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஒரு கோழியும் அடைக்கு உட்காரவில்லை.

"வேற கோழி வாங்கிக்கிருவோம்டி," என்றான் அவள் புருஷன் சோணைமுத்து.

"வாங்கலாம். காக்கான்னா என்ன, பருந்துன்னா என்னன்னு அதுகளுக்கு நீங்க சொல்லிக்குடுப்பீகளா?"

சோணைமுத்துவின் சித்தப்பா மகன் தவசி, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வயரிங்கும் பார்ப்பான். பாம்பனிலிருந்து மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவி வெயிலில் போட்டு, பக்கவாட்டில் இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர் எல்லாம் வைத்து அவன்தான் ஒரு இன்குபேட்டர் செய்து கொடுத்தான். வெளியே சூட்டைக் காட்டும் மீட்டர். அதிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குள் போனது. வயர் நுனியில் சூடு ஏறினால் பல்பு அணையும், இறங்கினால் எரியும்.

"அம்புட்டுதான் மதினி. இந்தக் கோழிக்குத் தீனி வேணாம், தண்ணி மட்டும் வச்சாப் போதும்."

"மீன் வாடை இன்னும் போகலையே தம்பி. குஞ்சு பொரிக்குமா, கெளுத்தி பொரிக்குமா?"

முட்டைகளில் ஒரு பக்கம் கரிக்கோடு போட்டு, காலையும் மாலையும் புரட்டி வைத்தாள். பல்பு நிதானமாக எரிந்து நிதானமாக அணைந்துகொண்டிருந்தது. அடைநாளில் பாதி போன பிறகு, ஒரு பிற்பகலில் வானமே பிளந்ததுபோல் இடி இடித்து ஓய்ந்தது. மறுநாள் காலை முட்டைகளைப் புரட்டும்போது ஒன்றை எடுத்து மூடிய கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தாள். குளுமை. இன்னொன்றும் அப்படியே. மீட்டரோ சரியான சூட்டைத்தான் காட்டியது. பல்பு பொசுக்கென்று எரிந்து உடனே அணைந்தது.

தவசிக்குப் போன் போட்டாள்.

"மீட்டர் பொய் சொல்லாது மதினி. ஒங்களுக்குத்தான் காய்ச்சலோ என்னமோ, முட்டை குளுந்து தெரியுது."

"எனக்கு வாயில நல்லா வந்துரும். மரியாதையா வண்டிய எடுத்துக்கிட்டு வா."

வந்தவன், காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவில் செருகினான். அது காட்டிய சூடு மீட்டருக்கு வெகு கீழே நின்றது. கேலி அவன் முகத்திலிருந்து இறங்கிப்போனது. பல்புப் பக்கம் இருந்த முட்டைகளை ஒதுக்கி, வயர் நுனியைத் தேடினான். உடைந்த அரிவாள் துண்டு ஒன்றின்மேல் அது படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு கரித்துண்டும் இரண்டு காய்ந்த மிளகாயும். அரிவாளைத் தொட்டுப் பார்த்தான், முட்டைகளைவிட அது நல்ல சூடாக இருந்தது.

"என்ன மதினி இது? குஞ்சு பொரிச்சதும் அப்பிடியே குழம்பு வைக்கவா?"

"இடிக்கு வச்சது," என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

இரும்பும் கரியும் மிளகாயும் பக்கத்தில் இல்லாவிட்டால் இடிச்சத்தத்தில் அடைமுட்டை கூழாகிவிடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோழி அடைகிடக்கிற கூடைக்கு வைப்பதைப் பெட்டிக்கும் முதல் நாளே வைத்திருந்தாள், ஒரு மூலையில். நேற்று இடி பலமாக இருக்கவும், எல்லா முட்டைக்கும் காவல் எட்டட்டும் என்று பல்புப் பக்கமாக நகர்த்தியிருந்தாள்.

தவசி விளக்க வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள். அவளுக்கே புரிந்துவிட்டது.

"பல்பு இரும்பச் சுட வச்சிருக்கு. இரும்பு வயரச் சுட வச்சிருக்கு. அது போதும்னு பல்பு அமந்துருச்சு. காவல் வைக்கிறேன்னு பச்சப் பிள்ளைகள நானே குளுர்ல போட்டுட்டேனே, தம்பி."

"இருங்க மதினி, பாத்துருவோம்."

கதவைச் சாத்திவிட்டு, போன் டார்ச்சின்மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் நரம்பே இல்லை. கரு செத்ததற்கு அடையாளமாகச் சிவப்பாய் ஒரு வளையம் மட்டும். அவற்றைத் தனியே வைத்தாள். பிறகு வந்த ஒன்றில் நரம்புகள் வேர்போலப் பரவியிருந்தன. நடுவில் கறுப்பாய் எதுவோ ஒருமுறை உதைத்தது. "அந்தா, அந்தா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தவசி போனை நழுவவிடப் பார்த்தான்.

"இரும்ப எடுத்துருவமா?"

"அது மட்டும் ஆகாது."

"அப்ப வெளிய வைங்க. இடி வெளியதான வரும்?"

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. மூன்றையும் மூடிமேல் வைத்தாள்.

கோழியடியில் என்றால் குஞ்சு வந்திருக்கவேண்டிய நாள் வந்து போனது. பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் அப்படியே. சோணைமுத்து பெட்டிப் பக்கம் மூக்கை நீட்டிவிட்டு, "நாறப்போவுது. கொண்டுபோய்க் குப்பையில கொட்டு," என்றான்.

"குளுந்து கெடந்தது. பிந்தித்தான் வரும்."

"இத யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்."

சொன்னாளே தவிர, உறுதி இல்லை. ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டால் என்ன என்று கை துறுதுறுத்தது. அந்தக் கையை வேறு வேலைக்கு விட, கிடந்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்தாள். மூடியை விரலளவு தூக்கிக் கிண்ணத்துக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றியதோடு சரி, முழுதாகத் திறக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. களைக்குக் கூப்பிட வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள்.

அதற்கடுத்த விடியலில் சோணைமுத்துதான் முதலில் கேட்டான். "ஏய், உள்ள என்னமோ கொத்துது."

மத்தியானத்துக்குள் ஒன்பது வந்துவிட்டன. ஈரமும் சிலுப்பிய தலையுமாய் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்தன. இன்னும் நாலு முட்டை ஓசையின்றிக் கிடந்தன. அவற்றை அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை, சாயங்காலம்வரை இருக்கட்டும் என்று விட்டாள். ஒன்பதில் ஒன்றாவது சேவலாக இருக்கும். வம்சம் தொடர அது போதும்.

சோணைமுத்து துண்டை விரித்துப் பெட்டி அருகிலேயே உட்கார்ந்துவிட்டான். டீக்கு வரச்சொல்லி வாசலிலிருந்து தவசி கூப்பிட்டதற்கு, "ஏலே, சத்தம் போடாத. குஞ்சுக பயந்துரும்," என்றான்.

பஞ்சம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு களைக்கொத்தை எடுத்தாள். அரை நாள் வேலையாவது பார்க்கலாம்.

"ஒடம்பு காயற வரைக்கும் உள்ளயே கெடக்கட்டும். மூடியத் தொறந்தீக, வந்து பேசிக்கிறேன்."